விறகுக்கடைத் தராசு

அன்று கடை திறந்ததும் பிச்சைக்கனி முதலில் எடை போட்டது விறகை அல்ல, ஒரு மனிதரை. அன்று மட்டுமல்ல, எண்பத்திரண்டாம் வருஷம் கர்க்கடகம் என்கிற மலையாள ஆடி மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

குமாரபுரத்திலிருந்து மெடிக்கல் காலேஜுக்கு ஏறுகிற ரோட்டில் அவருடைய விறகுக்கடை. தராசு வாசலிலேயே நிற்கும். இரண்டு மரக்கால்களின் மேல் ஒரு குறுக்குக்கட்டை, அதன் நடுவில் கொக்கி, கொக்கியில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக்கோல். கோலின் இரண்டு முனையிலிருந்தும் சங்கிலி இறங்கி முனைக்கொரு பலகைத் தட்டைத் தாங்கும். ஒரு தட்டில் விறகு, மறுதட்டில் இரும்பு எடைக்கல். இரண்டும் சமமானால் கோலின் நடுவிலிருக்கும் முள் நேரே வானத்தைப் பார்க்கும். இருபது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று, அரை என்று கல் இருந்தது. மாற்றி மாற்றி வைத்தால் எந்தப் பாரத்தையும் அரைக் கிலோ பிசகாமல் சொல்லிவிடலாம்.

விறகு வைக்கும் பலகையில் இபுராகிம் ஏறி உட்காருவார். கால் இரண்டும் வீங்கியிருந்ததால் அவரால் தானாக மடக்க முடியாது. மனைவி ஹவ்வா குனிந்து ஒவ்வொரு காலாக எடுத்துப் பலகைமேல் வைப்பாள். அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி தங்கபாய் பக்கத்தில் குடை பிடித்து நிற்பாள்.

"மழைக்காலத்து வெறகுல தண்ணி நிக்கும். இவரு ஒடம்புலயும் தண்ணி நிக்கி. ரெண்டையும் நிறுத்துச் சொல்லணும்னு எந்தலையில எழுதியிருக்கு," என்பார் பிச்சைக்கனி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் திருவனந்தபுரத்தில் விறகு விற்றும் பேச்சு மாறவில்லை.

"வெறகு வெயில்ல காயும் பாய். என்னைக் காய வைக்க ஏலுமா?" என்பார் இபுராகிம்.

"காய வைக்கத்தானவே டாக்டரு மாத்திரை தந்திருக்காரு. மூச்சை இழுத்துப் புடிச்சு லேசா இருக்கப் பாக்காதீரும், ஓய். சும்மா இரியும்."

முள் அசைந்து அசைந்து நிற்கும். "அறுவது," என்பார் பிச்சைக்கனி. மறுநாள் "அறுவதரை." அதற்கடுத்த நாள் மறுபடி "அறுவது." தங்கபாய் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்து, அடுக்களைக் கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் எழுதி வைப்பாள்.

இபுராகிம் மாலத்தீவுக்காரர். திருவனந்தபுரத்தில் அவர்களை மாலிக்காரர் என்பார்கள். அவர்களுடைய தீவுகளில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாததால், உடம்புக்கு முடியாதவர்கள் கொழும்புக்குப் போவார்கள், இல்லையென்றால் இங்கே வருவார்கள். மெடிக்கல் காலேஜைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் முன்னறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமைத்தும் கொடுப்பார்கள். தங்கபாயும் அப்படித்தான். அவள் புருஷன் நேசையன் தண்ணீர் இலாகாவில் வால்வு திறக்கிற வேலை பார்த்தார். தெருவின் அடியில் ஓடும் குழாய்களில் அங்கங்கே வால்வு உண்டு. இடுப்பளவு நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகினால் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், அந்தத் தெருவுக்கு நிற்கும். எந்தக் குழியில் எத்தனை சுற்று என்பது நேசையனின் கைக்குத் தெரியும்.

இபுராகிமுக்குச் சூரை மீன் பிடிக்கிற தொழில். இள வயதில் மாசிக் கருவாடு ஏற்றிய கப்பலில் கொழும்புக்குப் போய், ஒரு தமிழ் வியாபாரியின் கிட்டங்கியில் ஆறு வருஷம் இருந்தார். அதனால் தமிழ் பேசுவார். ஹவ்வாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கையாலும் கண்ணாலும்தான் அவளோடு பேசவேண்டும். இரண்டு பெண்களுக்கும் அது போதுமாக இருந்தது.

கொழும்பில் பார்த்த டாக்டர் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார். இருதயம் ஆப்பரேஷனைத் தாங்கும் நிலையில் இல்லை, ஊருக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்திருங்கள் என்று. இபுராகிம் அதைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு டாக்டர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்தார்.

இங்கே பார்த்தவர் டாக்டர் நாகேஸ்வரன். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர். கொழும்புக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மார்பில் குழல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கூட வந்த நேசையனுக்கும் தங்கபாய்க்கும் சேர்த்தே சொன்னார்.

"அவர் எழுதினது தப்பில்லை. இன்னிக்கு இருக்கற நிலைமைக்கு நானும் கத்தி வைக்கமாட்டேன். ஹார்ட்டுக்குள்ள இடது பக்கம் மேலே ஒரு ரூம், கீழே ஒரு ரூம். நடுவுல வால்வு. சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல்ல அந்த வால்வோட ரெண்டு இதழும் ஓரத்துல ஒட்டிண்டுடுத்து. ரூபாய்க்காசு நுழையற வழி, இப்போ பென்சில் நுழையற அளவுக்கு இருக்கு."

"வால்வு பாதி அடஞ்சா பின்னால பிரஷர் ஏறும் சாரே," என்றார் நேசையன்.

டாக்டர் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏறும். ஏறினா?"

"பின்னால உள்ள ஜாயின்டு எல்லாம் கசியும்."

"அதேதான். ரத்தம் பின்னாடி தேங்கி நுரையீரல், வயிறு, கால் எல்லாம் கசியறது. கால்ல நிக்கறது அந்தத் தண்ணிதான். ஏழு லிட்டராவது இருக்கும். அதை இறக்கினாத்தான் உள்ளே இருக்கற ஹார்ட்டோட உண்மையான பலம் என்னன்னு தெரியும். மாத்திரை தரேன். உப்பை அடியோட நிறுத்தணும். உடம்பு உப்பைத் தனியா வெச்சுக்காது, கூடவே தண்ணியையும் புடிச்சு வெச்சுக்கும். தினம் காலைல ஒண்ணுக்குப் போயிட்டு, ஒண்ணும் சாப்பிடாம, அதே துணியோட வெயிட் பாருங்கோ. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இப்போ அறுபத்தொண்ணு. ஒரு மாசத்துல ஐம்பத்திநாலுக்கு வந்தா மேற்கொண்டு டெஸ்ட் பண்ணி ஆப்பரேஷன் பாக்கலாம். வரலேன்னா கொழும்புக்காரர் எழுதினதையே நானும் எழுதணும்."

இப்படித்தான் விறகுக்கடைத் தராசு வைத்தியத்துக்குள் வந்தது. ஆஸ்பத்திரி மிஷினில் தினமும் நிற்க முடியாது. பக்கத்தில் அறுபது கிலோவைத் தூக்கும் தராசு பிச்சைக்கனியிடம்தான் இருந்தது.

உப்பைப் பற்றித் தங்கபாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிறந்தது நாகர்கோவிலுக்குத் தெற்கே புத்தளத்து உப்பளத்தை ஒட்டிய வீட்டில். அப்பனும் அம்மையும் பாத்தியில் வாரினவர்கள். தண்ணீரை வெயில் குடித்துவிட்டுப் போகும், உப்பு மட்டும் எங்கேயும் போகாது என்பதைப் பல் முளைக்கும் முன்பே பார்த்தவள். அதனால் சோற்றிலும் குழம்பிலும் உப்பை நிறுத்தியதோடு விடவில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பேக்கரி ரொட்டி எல்லாவற்றையும் அந்த வீட்டு வாசலில் ஏறவிடவில்லை.

"எனக்குமா உப்பு கெடையாது?" என்றார் நேசையன் முதல் நாள் சாப்பாட்டில்.

"ரெண்டு சட்டி வச்சா கைமறதியா ஸ்பூனு மாறிப்போவும். ஒரு மாசம் தின்னா ஒண்ணும் கொறஞ்சு போவமாட்டிய."

"தின்னுகது செரி. எறங்கண்டாமா?"

அவள் குடம்புளியைக் கூட்டினாள். நல்லமிளகையும் சின்ன உள்ளியையும் தாராளமாக அரைத்தாள். விழிஞ்ஞத்து நெத்திலியைப் பச்சையாக வாங்கித் தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றினாள். உப்பில்லாத குறையைப் புளிப்பாலும் எரிவாலும் மறைக்கப் பார்த்தாள். இபுராகிம் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். கடைசி இரண்டு பிடி சோற்றுக்கு முன்னால் ஹவ்வா தன் டிரங்குப்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுப்பாள். கரும்பழுப்பு நிறத்தில், கரண்டியிலிருந்து விழாமல் தொங்கும் பதத்தில் ஏதோ ஒன்று. மத்தியானம் இரண்டு ஸ்பூன், ராத்திரி இரண்டு ஸ்பூன். கொடுத்ததும் குப்பியை இறுக மூடித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

லேகியம் என்று தங்கபாய் புரிந்துகொண்டாள். வேறெப்படிப் புரிந்துகொள்வாள்? அது கர்க்கடகம். மழை அடைத்துக்கொண்டு பெய்யும் அந்த மாதத்தில் மலையாள நாட்டில் பாதிப்பேர் வைத்தியசாலைக் குப்பியும் கையுமாக இருப்பார்கள். நிறம் அதுதான். பதமும் அதுதான். கொடுக்கிற அளவும், மூடிச் சுற்றி வைக்கிற பத்திரமும்கூட அதுதான். மீன் வாடை லேசாக வந்தது. கடலுக்கு நடுவில் இருக்கிறவர்கள் மருந்தில் மீனெண்ணெய் சேர்க்காமல் வேறென்ன சேர்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். ஒரு தடவை ஹவ்வாவிடம் குப்பியைக் காட்டி, மார்பைத் தொட்டு, நல்லதா என்று கையால் கேட்டாள். ஹவ்வா மலர்ந்துபோய், நல்லது நல்லது என்று இரண்டு கையாலும் காட்டினாள்.

முதல் வாரம் ஒரு கிலோ இறங்கியது. இரண்டாம் வாரம் அரைக் கிலோ ஏறியது. டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். மூன்றாம் வாரம் சாக்கட்டி எழுத்து மறுபடி அறுபத்தொன்றில் வந்து நின்றது.

"வீட்டுல ஒருத்தருக்குத் தண்ணி எறங்கல்ல. குன்னுமேல ஒருத்தருக்கும் தண்ணி ஏறல்ல. நான் எங்கபோய்ச் சாவிய போட்டுத் திருக?" என்றார் நேசையன். தங்கபாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காவது திங்கட்கிழமை டாக்டர் நாகேஸ்வரன் கதவிலிருந்து எழுதிக் கொண்டுபோன எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, நோயாளியை விட்டுவிட்டு, சமைத்தவளிடம் திரும்பினார்.

"நிஜமா உப்பு போடலையா நீ?"

"கர்த்தருக்கு முன்னால சொல்லுகேன் சாரே. ஒரு கல்லு போடல்ல. எனக்க வீட்டுக்காரரு மெலிஞ்சு போனாரு."

"உன் சமையலைத் தவிர வேற ஏதாவது சாப்பிடறாரா? நாட்டு மருந்து, கஷாயம், லேகியம்?"

ஹவ்வா ஒன்றும் புரியாமல் டாக்டரின் முகத்தையும் தங்கபாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கபாய்க்குப் பழைய ஒன்று ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆஸ்பத்திரியில், கர்ப்பப்பை வலிக்கு அரிஷ்டம் குடித்ததாக வாய்தவறிச் சொன்னதற்கு ஒரு டாக்டர் அவளுடைய சீட்டைத் தூக்கி எறிந்து, போய் வைத்தியனிடமே பார்த்துக்கொள் என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் அந்த உண்மையைச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்த பெண்கள் யாரும் சொல்வதில்லை. இங்கிலீஷ் மருந்து சாப்பிடுகிற வீட்டில் லேகியக் குப்பி இருந்தால், டாக்டர் கேட்கும்போது ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வதுதான் மரியாதை. இந்த மாலிக்காரி கடல் தாண்டி வந்து, பாஷை தெரியாமல் நிற்கிறாள். அவளைப் போய்க் காட்டிக்கொடுப்பதா?

"இல்ல சாரே," என்றாள் தங்கபாய். "ஒண்ணும் இல்ல."

இபுராகிம் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "உப்பே இல்லாம, இவ்வளவு மாத்திரைக்கும் தண்ணி இறங்கலேன்னா, ஹார்ட்டு ரொம்பத் தளர்ந்துடுத்துன்னுதான் அர்த்தம். இதுக்குமேல வெச்சுக் கஷ்டப்படுத்தப்படாது. ஊர்ல இருக்கட்டும்."

சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டார்கள். இபுராகிம் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு டாக்டரும் ஒரே கதையச் சொன்னா அது உண்மையாத்தான் இருக்கும், அக்கா," என்றார். ஹவ்வா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை கொஞ்சம் வெறித்தது. ஹவ்வா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் அதே மாதிரிக் குப்பிகள் இன்னும் மூன்று இருந்தன. இனி அந்த லேகியத்தைத் தேடினாலும் கிடைக்காது என்று தங்கபாய்க்குத் தோன்றியது. அவளுக்கு இடது முழங்கால் அந்த மழைக்கு விட்டுவிட்டு வலித்துக்கொண்டிருந்தது. கூச்சத்தோடு முழங்காலைத் தடவிக் காட்டி, குப்பியைக் காட்டி, ஒரு விரலை நீட்டினாள். ஒரு ஸ்பூன்.

ஹவ்வாவுக்கு முட்டுக்கும் குப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. ஆனால் தன் ஊர்ப் பொருளை ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்பது புரிந்தது. அந்தத் துக்கத்திலும் முகம் தெளிந்து, ஸ்பூன் நிறைய எடுத்து நீட்டினாள். மருந்தை நக்கிக்கொண்டிருக்கக் கூடாது, ஒரே வாயாக விழுங்க வேண்டும் என்பது தங்கபாயின் பழக்கம். அப்படியே வாயில் போட்டாள்.

"எனக்க அம்மோ!"

அவள் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த நேசையன் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்னட்டி, விஷத்தையா தின்னே?" என்றார்.

"உப்பு!" என்றாள் தங்கபாய். "உப்பாக்கும் இது. முழுக்க உப்பு. பாத்தியில வெளைஞ்ச கல்லை நக்கினதுபோல இருக்கு."

இரண்டு பேரும் முன்னறைக்குப் போய் இபுராகிமை உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"இதுல என்ன சேத்திருக்கு? என்ன மருந்து?"

"மருந்தா? மருந்தில்லையே," என்றார் அவர். "ரிஹாக்குரு. மீன் தண்ணி. சூரை மீன் அவிப்போம். மீனை எடுத்து மாசிக்குக் காய வைப்போம். மிச்சத் தண்ணிய அடுப்புல வச்சு நாள் முழுக்கக் காய்ச்சுவோம். கடைசியில இப்பிடிக் களியா வரும். எங்கட ஊர்ல இது இல்லாம சோறு எறங்காது."

"உப்பு?"

"இதுல உப்புப் போடறதில்ல. மீன் அவிக்கும்போது தண்ணியில போடும், அவ்வளவுதான். டாக்டர் உப்பு வேணாம் எண்டார். உப்பு நாங்க தொடயில்லையே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒரு பெரிய அண்டா மீன் தண்ணீர் வற்றி ஒரு குப்பியாக ஆகும்போது, அண்டாவில் கிடந்த உப்பு முழுவதும் அந்தக் குப்பிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தங்கபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் குடிக்கிறது தண்ணீரை மட்டும்தான். அடுப்பும் அப்படித்தான். உப்பளத்தில் பிறந்தவளுக்கு, கண்முன்னால் மூன்று வாரம் நடந்தது தெரியவில்லை.

"டாக்டரு எங்கிட்ட கேட்டாரு," என்றாள். "லேகியம் உண்டான்னு அந்த வார்த்தையவே சொல்லிக் கேட்டாரு. நான் இல்லன்னு சொன்னேன்."

நேசையன் குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மெடிக்கல் காலேஜிலிருந்து கிழக்கேகோட்டைக்கு பஸ். அங்கிருந்து ஸ்ரீவராகத்துக்கு நடந்தாள். கதவைத் திறந்த டாக்டரின் மனைவி விஜயம், "ஆத்துல யாரையும் பாக்கறதில்லையேம்மா," என்றாள். தங்கபாய் நகரவில்லை. இடுப்பில் துணியில் சுற்றிய குப்பியின் வாடை நடை முழுக்கப் பரவியது. "இதென்ன கண்றாவி! மீனா? உள்ளே கொண்டுவராதே, சொல்லிட்டேன்."

சத்தம் கேட்டு டாக்டரே வந்தார்.

"சாரே, நான் பொய் சொல்லிப்போட்டேன்," என்றாள் தங்கபாய். சேலைத்தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். குப்பியைப் படியில் வைத்தாள். அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"எத்தனை ஸ்பூன்?"

"மத்தியானம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. நெறச்சு."

"மூணு வாரமாவா?"

"வந்த அன்னு தொட்டே."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் முன்வாசல் வழியா வாளி வாளியா இறைச்சுண்டிருக்கேன். நீங்க பின்வாசல் வழியா ஊத்திண்டிருக்கேள்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "கேட்டப்போ ஏன் மறைச்சே?"

"திட்டுவிய, சீட்டைத் தூக்கி எறிவியன்னு."

"திட்டத்தான் செய்வேன். ஏன், இப்போ மட்டும் திட்டமாட்டேனா? நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தக் கடுதாசியை எழுதினேன். தெரியுமா உனக்கு? ஒரு மனுஷனை வழியனுப்பற கடுதாசி."

"தெரியும் சாரே. அதுக்காகத்தான் வந்தேன்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. "டிக்கெட்டை மாத்தச் சொல்லு," என்றார் கடைசியில். "மாத்திரை அதேதான். ரெண்டு வாரம் பாப்போம். இறங்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். இறங்கலேன்னா அந்தக் கடுதாசி அப்படியே நிக்கும்." அவள் திரும்பும்போது கூப்பிட்டார். "குப்பியை எடுத்துண்டு போ. இவ என்னை ஆத்துக்குள்ள விடமாட்டா."

மறுநாள் ஹவ்வாவுக்குப் புரியவைப்பது பெரும்பாடாயிற்று. புருஷன் எடுத்துச் சொல்லியும் அவள் ஏற்கவில்லை. சாகப்போகிறவருக்கு இருக்கிற ஒரே ருசியையும் பிடுங்குகிறார்கள் என்று அழுதாள். லோணு என்று அவர்கள் பாஷையில் உப்புக்குப் பேர். இதில் லோணு எங்கே, காட்டு என்று கேட்டாள்.

"காட்டுகேன்," என்றாள் தங்கபாய்.

இரும்புக் கரண்டியில் இரண்டு ஸ்பூன் எடுத்து அடுப்புத் தீயில் பிடித்தாள். அது கொதித்து, புகைந்து, கரியாகிப் பொரிந்தது. மீன் முழுவதும் எரிந்து போயிற்று. ஆனால் உப்பு எரிகிற சாமான் இல்லை. கரியைத் தட்டி ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து இரண்டு தடவை வடிகட்டினாள். கரி துணியில் தங்க, கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் இறங்கியது. அதை அலுமினியத் தட்டில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். இரண்டு பெண்களும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து வற்றி வற்றி நடுவுக்கு வந்தது. வற்றின இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அதற்குள் இன்னொரு வளையம். கடைசிச் சொட்டும் பொரிந்து போனதும், தட்டின் அடி முழுக்கப் பூத்திருந்தது.

ஹவ்வா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தட்டைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எழுந்துபோய் நாலு குப்பியையும் எடுத்துவந்து தங்கபாயின் அரிசிப்பானைக்குப் பின்னால் தானே வைத்தாள். அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பிச்சைக்கனி ஒரு கிலோக் கல்லை எடுத்தார். ஐந்தாம் நாள் இன்னொன்று. "வே, எங்கவே போகுது இவ்வளவும்?" என்றார்.

"எங்க போகும் பாய்? மழைய விடக் கூடுதலா நான்தான் பெய்யறேன்," என்றார் இபுராகிம். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தே களைத்திருந்தார். ஆனால் நடக்கும்போது மூச்சு வாங்கவில்லை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அதை ஹவ்வா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாக்கட்டி எழுத்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறரை, ஐம்பத்தைந்து என்று கதவில் இறங்கிக்கொண்டே வந்தது. பதினைந்தாம் நாள் முள் நேரே நின்றபோது எதிர்த்தட்டில் ஐம்பத்து மூன்றரை இருந்தது. பிச்சைக்கனி இரண்டு தடவை கல்லை எண்ணிவிட்டு, உள்ளே போய்ச் சாயாவுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டர் நாகேஸ்வரன் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரைக்கும் அனுப்பிப் பார்த்தார். சதை தளரவில்லை. வால்வு மட்டும்தான் கேடு. கொழும்புக் கடிதத்தையும் தான் எழுதின கடிதத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஃபைலில் குத்திவிட்டு, ஓணம் கழிந்து நாலாம் நாள் ஆப்பரேஷன் என்றார்.

அதைச் செய்கிற விதத்தை நேசையன் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து அடுக்களையில் விளக்கினார். இருதயத்தை நிறுத்துவதில்லை. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் சின்னதாகத் துளை போட்டு, டாக்டர் ஒரு விரலை உள்ளே விடுவார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல்தான் பார்க்க வேண்டும். ஒட்டின இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அளவாக அழுத்தித் திறக்கவேண்டும். குறைந்தால் பிரயோசனமில்லை, கூடினால் கிழிந்துபோகும்.

"ஒரு விரலா?" என்றாள் தங்கபாய்.

"பின்னே? நான் குழிக்குள்ள பாத்தா திறக்கேன்? கைதான் பாக்குது."

அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் ஹவ்வா தங்கபாயின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பதினொன்றரைக்கு டாக்டர் நாகேஸ்வரன் வெளியே வந்தார். கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளைத்து ஒரு ரூபாய்க்காசு அளவு காட்டிவிட்டு, நிற்காமல் நடந்தார்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று காலையில் மழை இல்லை. போகிற வழியில் கடைசியாக ஒரு தடவை தராசில் ஏற வேண்டும் என்று இபுராகிம் பிடிவாதம் பிடித்தார். வேறு யார் கையும் இல்லாமல், தானே காலை மடக்கி உட்கார்ந்தார். மார்புத் தழும்பின் மேல் புதுச் சட்டை. மடியில் துண்டு. முந்தின நாள் ஆஸ்பத்திரி மிஷினில் ஐம்பத்திரண்டு. பிச்சைக்கனி ஐம்பத்திரண்டு வைத்தார். முள் எழவில்லை. அரை கூட்டினார். எழவில்லை. இன்னொரு அரையும் வைத்த பிறகுதான் முள் நேரே நின்றது.

ஒரு ராத்திரியில் ஒரு கிலோ. தங்கபாய் தட்டருகே ஓடிவந்தாள். "ஏட்டி ஹவ்வா," என்றாள், பாஷை தெரியாதவள் என்பதை மறந்து, "திருப்பியும் குடுத்தியா?"

ஹவ்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனின் மடியிலிருந்த துண்டை விலக்கி, அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்தாள். அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்த குப்பிகளில் ஒன்று, மூடி திறக்காதது. அதைத் தங்கபாயின் கையில் வைத்ததும், தட்டு மெதுவாக மேலே ஏறியது. பிச்சைக்கனி இரண்டு அரைக் கல்லையும் எடுத்தார். ஐம்பத்திரண்டில் முள் நேரே வானத்தைப் பார்த்தது.

"இது எனக்க முட்டுவலிக்கா?" என்றாள் தங்கபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முட்டுக்குத் தெரியாது அக்கா," என்றார் இபுராகிம் தராசில் இருந்தபடியே. "சோத்துக்கு நல்லம்."